அண்ணன் நுரையீரலுக்கு நாற்பது நொடி

புதுச்சேரிக்கு வந்து மூன்று வாரம் ஆகியும், ஆட்டோவில் ஏறும்போது வாய் தானாக "போன்ஜூர்" என்று சொல்லிவிடுகிறது. பிரான்சில் பதினான்கு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தால் இப்படித்தான். நேற்று முட்டை வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். டிரைவர் என்னைச் சுற்றுலாக்காரி என்று எண்ணிக் கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டார். "அண்ணே, நான் குருசுக்குப்பத்துப் பொண்ணு" என்றேன். "அத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்றார். மார்க்கெட் வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த வாரம் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருகிறது. காரணம் என் அண்ணன் அந்துவான்.

எங்கள் வீட்டில் கடிகாரம் பார்த்து யாரும் முட்டை அவித்ததில்லை. பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னால் அரைவேக்காடு. அவசரப்படாமல் சொன்னால் ஒன்றுக்கு இருபது நொடி. அம்மா பழக்கிய இந்தக் கணக்கோடுதான் பிரான்சில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தேன். வென்டிலேட்டரில் கிடப்பவர்களுக்குச் சில சமயம் நுரையீரலின் ஒரு பகுதி காற்றில்லாமல் சுருங்கிவிடும். டாக்டர் காற்றழுத்தத்தைக் கூட்டிக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்தால் அது மறுபடி திறக்கலாம். நடுவில் ரத்த அழுத்தம் விழுந்தால் உடனே விட்டுவிட வேண்டும். முதல் தடவை டாக்டர் "நாற்பது நொடி, எண்ணு" என்றதும் நான் மரியேவை முணுமுணுக்க ஆரம்பித்தேன். கூட நின்ற நர்ஸ் கிளேர் முகம் வெளிறி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல் நெ பா மோர்!" அவர் சாகவில்லை என்று எனக்குத் தைரியம் சொல்கிறாளாம். ஜெபம் இல்லை, நேரம் பார்க்கிறேன், முட்டைக்கும் இப்படித்தான் என்றேன். "முட்டைக்கா?" என்று அவள் இன்னும் மிரண்டாள். அன்றிலிருந்து சத்தமாகப் பிரெஞ்சில் எண்ணப் பழகினேன்.

மார்க்கெட்டில் மீன் ஏலம் கூவுகிற அண்ணனுக்கு நிமோனியா என்று அண்ணி லூர்து போன் செய்ததும் பறந்து வந்தேன். அந்தப் பெரிய தொண்டைக்குள் குழாய். ஆக்சிஜன் எண்பத்து நாலைத் தாண்டவில்லை. அண்ணனுக்கும் காற்றழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது என்று முடிவானது. "நீங்களும் ஐ.சி.யூ. நர்ஸ்தானே, உள்ள வந்து எண்ணுங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணி கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

அழுத்தம் ஏறியது. அண்ணனின் மார்பு உயர்ந்து அப்படியே நின்றது. "அன், தெ, த்ருவா..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, தமிழ்ல எண்ணுங்க! எதுல நிறுத்துறதுன்னே தெரியல" என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

எவ்வளவு தேடியும் தமிழ் எண் வாயில் வரவில்லை. "அவங்க எண்ணட்டும், நான் கடிகாரத்தப் பாத்துக்கறேன்" என்றார் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் மெல்ல இறங்கியது. இருபதாவது நொடியில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. முப்பதாவது நொடியில் இறங்குவது நின்றது. நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் அண்ணியின் உதடு அசைகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த அசைவு. அவள் இரண்டாவது மரியேவை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்ட நொடியில் நான் "கராந்த்" என்றேன். நாற்பது.

ஆக்சிஜன் எண்பத்தாறு. தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. கீழே இறங்கவே இல்லை. "திறந்துகிச்சுக்கா!" என்று அந்தப் பெண் குதித்தாள். எனக்குத் தலை சுற்றியது. எண்களுக்கு நடுவே மூச்சுவிட மறந்திருக்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன்.

இன்று அண்ணன் வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். காலையில் அரைவேக்காடு கேட்டார். அடுப்பின் முன் நின்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போனவள், நடுவில் எங்கேயோ மரியேவுக்கு மாறியிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனதென்று இரண்டிலும் தெரியவில்லை. முட்டை கல்லாக வெந்துவிட்டது. அண்ணன் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர் கணக்குடி இது?"

கரகரத்த குரல்தான். ஆனாலும் தெருமுனை வரை கேட்டது.