தோற்றவர் சுற்றின் புள்ளிகள்

நாங்கள் லண்டனில் படித்த கல்லூரியின் மல்யுத்த அணி இவ்வருடம் எங்கள் காலத்துப் புள்ளிகளைத் தாண்டிவிட்டதாம். மோர்டனில் இருக்கும் நண்பன் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வலித்தது. அவனும் அந்த அணியில் இருந்தவன், நான் அணித்தலைவன்.

"எங்கட காலத்தில விதி வேற, மச்சான்," என்றேன்.

"அப்ப இப்பத்தைய விதியில எங்கட புள்ளியைப் போட்டுப் பாப்பமே?"

சனிக்கிழமை, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்திலுள்ள என் வீட்டுக்கு வந்தான். பழைய கோப்பிலிருந்து, நாங்கள் அந்தப் புள்ளிகளை எடுத்த போட்டியின் புள்ளித்தாளை எடுத்தேன். என் கையெழுத்துத்தான். எடை பார்க்கும்வரை பட்டினி கிடந்ததும், பார்த்த கையோடு மண்டபத்தின் மூலையில் குந்தியிருந்து குளிர்ந்துபோன ரோல்ஸ் தின்றதும், விரிப்பின் ரப்பர் மணமும் ஒன்றாக வந்தன. இருவரும் கொஞ்ச நேரம் கணக்கையே மறந்து கதைத்துக்கொண்டிருந்தோம்.

அந்நாளில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தவர்கள் மட்டுமே அணிக்குப் புள்ளி தந்தார்கள். இப்போது, தோற்றவர்கள் மறுபடி மோதும் சுற்றில் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் புள்ளி உண்டு. எதிராளியின் முதுகை விரிப்பில் பதித்தால் இன்னும் கூட.

புதிய கணக்கிலும் எங்களால் அவர்களை எட்ட முடியவில்லை. ஆனால் ஒரு பெயருக்கு நேரே நான் போட்டிருந்த சைபர் ஏறிக்கொண்டே போனது. முதல் மோதலில் தோற்று, பிறகு இருவரை வென்று, நான்காம் இடத்தைத் தவறவிட்டவன் அவன். புள்ளி தராதவன் என்று அடுத்த தவணை அவனை அணியிலிருந்து எடுத்தது நான்தான்.

நண்பன் என்னைப் பார்த்தான். "சொல்லத்தானே வேணும்."

ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் அவனுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னை அணியில இருந்து நிப்பாட்டினது பிழை, மச்சான்," என்றேன்.

அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நின்றது.

"அந்த வருஷம் முழுக்க நான் உங்கட மேட்சுக்கே வரேல்லை. தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"தாளை வச்சிரு. நாளைக்கு வாறன்."

ஞாயிறு மத்தியானம் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி ஆறும்வரை தன் வரியையே வாசித்தான். பிறகு, நான்காம் இடத்தை முடிவுசெய்த மோதலுக்குரிய கட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதைத் தோல்வி எண்டெல்லோ போட்டிருக்கிறாய். இது நான் வெண்டது."

நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வெட்டித் திருத்தினான்.