ஒருவரும் கேட்காத பதிவு

துறைமுகக் கமராப் பதிவுகளுக்குப் பொறுப்பான அந்தப் பெண் அதிகாரி, திருகோணமலை வெயிலிலும் கழுத்துவரை ஸ்வெற்றர் போட்டிருப்பார். பதிவுக் கணினிகள் இருக்கும் அறையில் அவ்வளவு குளிர். புதிய பதிவுகள் கணினி வட்டில் இருக்கும். மூன்று மாதம் எவரும் தொடாதவை தாமாகவே காந்த நாடாவுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஆனால் தினமும் காலையில் நாடாவிலிருந்து ஏதாவதொரு பழைய பதிவை வட்டுக்கு வரவழைத்து, முழுவதையும் இருந்து பார்ப்பார்.

இழுவைப்படகு ஓட்டும் எனக்கு அது விசர் வேலையாகத் தெரிந்தது.

"ஒருத்தரும் கேக்காததை ஏன் மிஸ் எடுக்கிறியள்?"

"கேக்கிற அண்டைக்கு வராட்டி என்ன செய்யிறது, அண்ணை?"

சென்ற வருடம், என் படகு இடித்துத்தான் இறங்குதுறையில் வெடிப்பு விழுந்தது என்றார்கள். வேலை போகும் நிலை. அவர் நாடாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய பதிவில், பல மாதங்களுக்கு முன்பே அந்த வெடிப்பு இருந்தது. நான் தப்பினேன்.

மறுநாள் காலை நன்றி சொல்லப் போனேன். திரையில் ஆளில்லாத இறங்குதுறை, மழை பெய்துகொண்டிருந்தது.

"இருங்கோ அண்ணை, இது முடியட்டும்."

கதிரையை இழுத்துப்போட்டு, நானும் அந்த மழையைக் கடைசிவரை பார்த்தேன்.