பளபளத்த ரிம்

விஜயதசமி காலை. பாட்டு வகுப்பில் சேர்ப்பதற்காக என் ஐந்து வயது மகளைச் சைக்கிளின் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு தாம்பரம் மேம்பாலத்தில் இறங்கினேன். பாலம் முடியும் இடத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். இரண்டு கையாலும் இறுக்கியும் சக்கரம் வழுக்கிக்கொண்டே ஓடியது.

"இன்னும் வேகமா போம்மா," என்று மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஒதுங்க முடியாதபடி வலப்பக்கம் பஸ். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றித் தேய்த்தேன். லாரியைக் கை நீட்டித் தொடும் தூரத்தில் சைக்கிள் நின்றது.

சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன்.

"பிரேக்கை சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

"நீ பயப்படுறியேன்னு புதுக் கட்டையே போட்டேனே. நேத்து ஆயுத பூஜைக்கு சைக்கிளை எதைப் போட்டுத் துடைச்ச?"

ரிம்மைத் தொட்டேன். விரலில் தேங்காய் எண்ணெய். பொட்டு வைக்கும் முன் பளபளக்கட்டும் என்று, பிரேக் கட்டை பிடிக்கிற இடத்தையும் விடாமல் நான்தான் எண்ணெய் தடவித் துடைத்திருந்தேன்.

"ஏறாத. தள்ளிக்கிட்டே போ," என்றார்.

சோப்புத் தண்ணீரில் கழுவியபின் பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனாலும் பாலம் ஏறுமுன் ஒருமுறை ரிம்மில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

"அன்னிக்கு மாதிரி போம்மா," என்று மகள் இன்னமும் கேட்கிறாள். அவளுக்கு அது சந்தோஷமான நாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.