காவிக்கு அடியில் கறுத்த கால்

என் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணன் திருவாதவூரில், பிறர் வயலில் கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பிறகு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டி, என்னை பார்மசி படிக்க வைத்தார். வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம், யாரும் கேட்காமலே, "என் தங்கச்சி மருந்துக்குப் படிச்சவ" என்பார். அப்போது கூச்சமாக இருக்கும். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டியைத் தள்ளும்போது தகரம் கிழித்து, கணுக்காலில் சின்னக் கீறல். மறுநாள் கெண்டைக்கால் சிவந்து கொப்புளம் கண்டது. பார்த்தவுடன் அக்கி என்று நானே முடிவு கட்டினேன். அக்கிக்குக் காவிமண்ணைக் குழைத்துத் தோலில் பூசி எழுதும் மண்பாண்டத் தொழிலாளி ஒருவரிடம் அழைத்துப் போனேன். அந்தப் பெரியவர் காலைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கின்னா இப்படிக் கல்லு மாதிரி இறுகாது தாயி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

மருந்துக்கடையில் நிற்பவளுக்கு இவர் சொல்வதா என்று எனக்குச் சுருக்கென்றது. "எனக்குத் தெரியும், நீங்க எழுதிவிடுங்க" என்று அதட்டினேன். எழுதினார்.

காவியில் தண்ணீர் படக்கூடாது என்பார்கள். இரண்டு நாள் நான் கழுவவே விடவில்லை. "வெளிய ஒண்ணுமில்ல, உள்ள உசுரு போகுது பாப்பா" என்று அண்ணன் சொன்னபோதும் வலி மாத்திரைதான் கொடுத்தேன். காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மருத்துவர் காவியைத் துடைத்தார். அடியில் தோல் கருநீலமாகச் செத்திருந்தது. கிருமி தோலுக்கு அடியில் சதையோடு பரவும் நோய் இது, கண்ணுக்குத் தெரிவதைவிட வலி பல மடங்கு இருப்பதுதான் முதல் அடையாளம் என்றார். அந்த அடையாளத்தை அண்ணன் என்னிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றே அறுவை சிகிச்சை செய்து அழுகிய சதையை வெட்டியெடுத்தார்கள், நரம்பில் மருந்து ஏற்றினார்கள், மறுநாளும் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து அண்ணன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பெரியவர் வந்தார். காவி பூசிக் கொன்றவன் என்று நம் உறவினர் சிலர் அவரை வாசலோடு விரட்டினார்கள். படித்த தங்கை நான், வாய் திறக்காமல் நின்றேன். அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அண்ணனுக்காகப் போராடிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சரியாகச் சொன்னவர் அந்தப் பெரியவர், கேட்காதவள் நான். இந்த மலரின் முதல் பிரதியை அவர் வீட்டுக்கு நானே கொண்டு போகிறேன். அன்று அவரை விரட்டியவர்கள் உடன் வந்தால் நல்லது. அவர் வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை.

— தங்கை