அரண்மனைக்குள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்

என் அக்காவின் கணவர் எந்தப் பொருளை வாங்கி வந்தாலும் முதலில் அதைப் பயன்படுத்த மாட்டார், பிரிப்பார். இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு, எடை பார்க்கும் மெஷின் என்று எல்லாமே அந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில், பழைய செய்தித்தாளின் மேல் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு படுத்தவைதான். உள்ளே என்ன இருக்கிறது, எது முதலில் பழுதாகும், பழுதானால் எந்தப் பக்கமாகக் கையை விடலாம் என்று பார்த்து முடித்துவிட்டு, ஒரு திருகாணிகூட மிச்சமில்லாமல் திரும்ப மூடுவார். அதற்குப் பிறகுதான் அக்கா அதைத் தொடலாம். 'பிரித்தால் உத்தரவாதம் செல்லாது' என்ற சீட்டை எங்கே பார்த்தாலும், "பயந்தவன் எழுதினது" என்று சொல்லிக்கொண்டே கிழிப்பார்.

மாமாவுக்கு முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் வேலை. குள்ளமான ஆள், இரண்டு முழங்காலிலும் வலி, சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். இடுப்பு பெல்ட்டில் ஒரு முக்கோணச் சாவி தொங்கும். லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கிற சாவி அது. யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் இவர் போவார். கதவு இடுக்கில் வாயை வைத்து, "நான் வந்துட்டேன், எல்லாரும் அப்படியே தரையில உட்காருங்க" என்பார். பிறகு மொட்டைமாடி அறைக்கு ஏறி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை அடுத்த மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். வெளியே வருகிறவர்கள் அநேகமாக நன்றி சொல்ல மாட்டார்கள், லிஃப்டைத் திட்டுவார்கள். அவருக்கு அதுவே போதும்.

ஒரு அலுவலகக் கட்டிடத்தில் புது மாதிரி லிஃப்ட் போட்டார்கள். அதில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள ஒரு கைக்கருவி வேண்டும், அந்தக் கருவியை லிஃப்ட் தயாரித்த கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். ஒருநாள் நான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மாமா சாவியும் கையுமாக வெளியே நின்றார். நீங்கள் தொட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்று கட்டிட மேலாளர் குறுக்கே நின்றார். கருவி வைத்திருந்தவர் இரண்டு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் இருந்தார். அன்று வீட்டுக்கு வந்து மாமா சாப்பிடவில்லை. "மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுக்க ஒரு வழி வெக்காம எவனும் பெட்டி செய்யக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டிடத்தின் பராமரிப்பு வேலை அடுத்த மாதமே அவர் கையைவிட்டுப் போனது.

இப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக்குள் அந்தப் பிரபலமான போனைக் கொண்டுபோய் வைத்த புண்ணியவதி நான்தான்.

நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க வாய் பிளந்தவர்களைப் பார்ப்பதாலோ என்னவோ, அந்தக் கம்பெனியின் பொருள் எதைக் கண்டாலும் என் வாயும் பிளந்துகொள்ளும். போன், கைக்கடிகாரம், காதுக்கருவி, மடிக்கணினி என்று எல்லாம் ஒரே குடும்பம். அதன் சார்ஜர் ஊரில் வேறு எந்தப் பொருளுக்கும் பொருந்தாது என்பதைக்கூட ஒரு அந்தஸ்தாக நினைத்தவள் நான். நான் எடுக்கிற படங்கள் என்னைப் போன்ற பக்தர்களுக்குப் பளிங்கு மாதிரிப் போய்ச் சேரும். மாமாவின் மலிவு போனுக்கு மட்டும் தபால்தலை அளவில், கலங்கிப் போய்ச் சேரும். உங்கள் போன் மட்டம் என்று அவரிடம் சொன்னேன். அதே போன் வேறு யார் அனுப்பினாலும் ஒழுங்காகக் காட்டுவதை அவர் பொறுமையாக நிரூபித்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனிக்கு அவர் வைத்த பெயர் 'அரண்மனை'. அரண்மனையில் இன்றைக்கு என்ன புதுசு, அரண்மனை வயரை மாற்றிவிட்டதாமே, பழைய வயரை என்ன செய்வாய், கழுத்தில் மாட்டிக்கொள்வாயா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் விசாரிப்பார். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வருவேன்.

இதெல்லாம் அக்காவின் காது மந்தமாகும்வரை வேடிக்கையாகத்தான் இருந்தது. அக்கா ஒரு மருந்துக்கடையில் கவுன்டரில் நிற்கிறவள். வருகிறவர்கள் சீட்டை நீட்டிவிட்டு, சர்க்கரை இருக்கு, போன தடவை வாந்தி வந்தது என்று பாதியை வாயால்தான் சொல்வார்கள். அந்தப் பாதி அவளுக்குக் கேட்காமல் போக ஆரம்பித்தது. மருத்துவர் கொடுத்த காது மெஷின் குக்கர் மாதிரி விசிலடித்தது. அதை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வீட்டில் மாமா எதிரே வந்து நின்று கத்திக் கத்திப் பேசினார், அவளுக்கு எப்போதும் யாரோ தன்னைத் திட்டுவது மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அரண்மனையின் காதுக்கருவியில் ஒரு வசதி வந்தது. போனிலேயே காதைச் சோதித்து, எந்தச் சத்தம் குறைகிறதோ அதை மட்டும் கூட்டிக் கொடுக்கும். நான் போனும் காதுக்கருவியும் வாங்கிக் கொடுத்தேன். நானே கணக்குத் திறந்தேன், நானே கடவு எண் போட்டேன், அவள் முகத்தைக் காட்டினால் திறக்கிற மாதிரி அமைத்துக் கொடுத்தேன். அக்கா அதைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். கூடத்தில் மாமா அரண்மனையைப் பற்றி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் கேக்குது, கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றாள் அங்கிருந்தே. மாமா திரும்பி அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அதைச் சொன்னால் இன்றைக்கும் மறுப்பார்.

அந்தப் போனை மட்டும் அவர் பிரிக்கவில்லை. பிரிக்க முயன்றார் என்பதுதான் சரி, எந்த ஸ்க்ரூடிரைவரும் நுழையாத திருகாணி அதில் இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றரை வருடம் அக்கா கவுன்டரில் நிம்மதியாக நின்றாள்.

பிறகு பேட்டரி சோர்ந்தது. மதியத்துக்குள் போன் படுத்துவிடும், கூடவே அக்காவின் காதும் படுத்துவிடும். கம்பெனிக் கடைக்குக் கொண்டுபோனோம். இது பழைய மாடல், மாற்றுவதைவிடப் புதிது வாங்குவது புத்திசாலித்தனம் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள். மாமா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த விசேஷத் திருகாணிக்கான கருவியை எங்கிருந்தோ தேடி வாங்கினார். பேட்டரியும் வாங்கி மாற்றினார். போன் ஜம்மென்று ஓடியது. ஆனால் தினமும் காலையில் 'உங்கள் சாதனத்தில் அறியப்படாத பாகம் உள்ளது' என்று திரையில் ஒரு புகார் வந்து நிற்கும்.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். முப்பத்தொரு வருட அனுபவத்தில் ஒருவரும் அவர் போட்ட பாகத்தை அறியப்படாத பாகம் என்று சொன்னதில்லை. மனிதர் கொதித்துப் போனார்.

லிஃப்ட்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு லிஃப்ட் இருந்து, ஒன்று மக்கர் பண்ணினால், நல்லதிலிருந்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மக்கரில் மாட்டிப் பார்ப்பார்கள். எதை மாட்டும்போது சரியாகிறதோ அதுதான் கோளாறு. என்னிடம் திரை உடைந்த என் பழைய போன் இருந்தது, அக்காவுடையதும் அதே மாடல். அதை மாமா கேட்டார், நான் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா படுத்திருந்த நேரத்தில், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு போன்களையும் செய்தித்தாளின் மேல் பரப்பினார். என் போனின் பேட்டரியை அக்காவுடையதில் மாட்டினார். புகார் போகவில்லை. விடுவாரா? முன்பக்கக் கேமராவையும் மாற்றினார். அதுவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஆலை.

போன் அக்காவின் முகத்தை மறந்துவிட்டது. பழைய கேமராவைத் திரும்ப மாட்டியும் பயனில்லை, அதன் மெல்லிய பட்டை கழற்றியதிலேயே கிழிந்திருந்தது. சரி, கடவு எண்ணைப் போடு என்றது போன். போன் அணைந்து எழும்போதெல்லாம் உறைக்குள் நான் வைத்த சீட்டைப் பார்த்துப் போட்டுவந்த அக்காவுக்கு அது மனப்பாடம் இல்லை, அந்தச் சீட்டை மாமா பிரிக்கிற வேகத்தில் வழக்கம்போல் கிழித்துப் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் மறந்துவிட்டேன். அவள் பிறந்த நாளைப் போட்டோம், என் பிறந்த நாளைப் போட்டோம், மாமா தன் பிறந்த நாளையும் ஆசையாகப் போட்டுப் பார்த்தார். பத்தாவது தடவை, உரிமையாளரின் கணக்கு இல்லாமல் இனித் திறக்காது என்று போன் வாயை இறுக மூடிக்கொண்டது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் எனக்கு நினைவில்லை, அதை மீட்கும் குறியீடு போகிற என் பழைய தொலைபேசி எண் இப்போது யாரோ ஒரு புண்ணியவானிடம் இருக்கிறது.

காதுக்கருவியை மாமாவின் போனோடு இணைத்துப் பார்த்தோம். பாட்டு அருமையாகக் கேட்டது. பேச்சைக் கூட்டிக் கொடுக்கிற வேலையை மட்டும் செய்ய மறுத்தது, அது அரண்மனைப் போனோடு இருந்தால்தான் செய்யுமாம், என் போனோடு சேரவோ மறுத்தது. பாட்டு கேட்கும், புருஷன் குரல் கேட்காது. சில வீடுகளில் இதற்கே தனியாகக் காசு கொடுப்பார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடை முதலாளி அவளைக் கவுன்டரிலிருந்து எடுத்து, பின்னறையில் மருந்து அட்டைகளை அடுக்கச் சொன்னார். இந்த மாதம் இப்படிப் போகட்டும், அப்புறம் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். புது காது மெஷினுக்கு மருத்துவர் இரண்டு மாதம் கழித்துத்தான் நாள் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் மூன்று பேரும் கம்பெனிக் கடைக்குப் போனோம். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, உட்கார ஒரு நாற்காலி கிடையாது. விற்பனைப் பெண்ணின் மார்பில் 'நிபுணர்' என்று ஒட்டியிருந்தது. போனைத் திறந்து தர, வாங்கிய ரசீது வேண்டும் என்றாள். ரசீது மின்னஞ்சலில் இருந்தது, மின்னஞ்சல் அந்தப் போனுக்குள் இருந்தது. அப்படியென்றால் மின்னஞ்சலைத் திறந்து காட்டுங்கள் என்றாள். அதற்கான குறியீடும் அந்தப் போனுக்குத்தான் வரும் என்றேன். அவள் ரொம்ப அனுதாபத்தோடு தலையாட்டினாள்.

காதுக்கருவியையாவது புதுப் போனோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சோதித்துப் பார்த்தாள். கருவி நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது வேறொருவருடையது என்று காட்டுகிறது என்றாள். அந்த வேறொருவர் என் பக்கத்தில்தான் கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் அந்தக் கம்பெனிக்காக வாதாடிய என் நாக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கடைசியில் புதுப் போன், புதுக் காதுக்கருவி இரண்டையும் மாமாவே எடுத்து வைக்கச் சொன்னார். நிபுணர் போனை உயிர்ப்பித்து, திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தைக் காட்டினாள். மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலிருந்து படிக்க ஆரம்பித்தார். முழங்கால் வலியோடு நின்றபடியே முக்கால் மணி நேரம் படித்தார். இதை யாரும் படிப்பதில்லை என்று நிபுணர் பணிவாகச் சொன்னாள். அது எழுதியவர்களுக்கும் தெரியும் என்றார் மாமா.

அக்கா அவர் சட்டைக் கையை இழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மாமா குனிந்து, அவளுடைய வலது காதில், வேறு வழியில்லாமல் உரக்கச் சொன்னார்.

"காசு குடுத்தாலும் இதுல பாதி நமக்குச் சொந்தமில்லையாம். அவங்க நெனச்சா எப்ப வேணாலும் நிறுத்திக்கலாமாம். பெட்டியும் அவங்களது, சாவியும் அவங்களது. உன் காத கொண்டுபோய் இவங்க கையில குடுக்கச் சொல்றியா?"

கடையே திரும்பிப் பார்த்தது. தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாமல் அக்காவும் அதே சத்தத்தில் பதில் சொன்னாள்.

"அவங்க என்னக் கேட்டா நிறுத்தப் போறாங்க? நீங்க மட்டும் என்னக் கேட்டா பிரிச்சீங்க? என் காத நடுவுல வச்சு ரெண்டு பேரும் சண்ட போட்டது போதும். அமுக்குங்க. நாளைக்கு நான் கவுன்டர்ல நிக்கணும்."

நிபுணர் தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன், கடவு எண்ணை மறந்தவள் வேறு எங்கே பார்ப்பது? மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு விரலை வைத்து அழுத்தினார். அடுத்து இன்னொரு ஒப்பந்தம் வந்தது. அதைப் படிக்காமல் அழுத்தினார்.

கடையின் மூலையிலேயே அக்காவுக்குக் காதுச் சோதனை நடந்தது. முடிந்ததும் அவள் கருவியைச் சரிசெய்துகொண்டு, சுற்றிலும் பேசுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாமா அவளுக்கு முதுகைக் காட்டியபடி, காலிப் பெட்டியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்புதான். உன்னக் கேட்டிருக்கணும்."

"கேக்குது" என்றாள் அக்கா.