காப்புக் கட்டிய கோப்பெருஞ்சிங்கன்

அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் கண்ணாயிரத்துக்குக் கொட்டை வறுக்கிற வேலை. தெறிக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் தோலுரிந்து கறுத்துக் கிடக்கும். அந்தக் கையில் வாளைக் கொடுத்து மேடையேற்றினால் அவன்தான் ராசா. அதில் ஊருக்குள் யாருக்கும் மறுபேச்சு கிடையாது.

சேந்தமங்கலத்துக் கோப்பெருஞ்சிங்கன் சோழ ராசாவையே பிடித்துச் சிறை வைத்தானே, அந்தக் கதை நாடகமாக இருந்தது. சோழன் தோற்கிற கதையை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று இருபத்தேழு வருஷமாக யாரும் போடவில்லை. நாடக வாத்தியார் தட்சிணாமூர்த்தி பழைய நோட்டைத் தேடி எடுத்தார். கண்ணாயிரம் ஒரு வருஷம் கொட்டை வறுத்துக்கொண்டே வசனத்தைப் பாடம் பண்ணினான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை. சிதம்பரத்தில் கோப்பெருஞ்சிங்கன் எழுப்பின தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த ராசாவாகவே ஒருநாள் நின்றுவிட வேண்டும். அங்கே ஒரு சபாவிலும் இந்த நாடகத்தைக் கேட்டிருந்தார்கள். தேதிதான் வரவில்லை.

சோழன் வேஷம் அவன் மச்சான் கதிர்வேலுக்கு, அதாவது பெண்டாட்டி சின்னம்மாளின் தம்பிக்கு. அம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் கதிர்வேல் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, இந்த வருசம் நீங்கதான் காப்புக் கட்டணும். கடைசி நாளு நம்ம நாடகம். ராசாவே காப்புக் கட்டுனா ஊருக்கே மரியாதை இல்லியா?"

"எனக்கு எதுக்குடா அந்தப் பெரும?"

"உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு? அக்கா, நீ சொல்லேன்."

சின்னம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டே, "கட்டிக்கிங்களேன்" என்றாள்.

கட்டிக்கொண்டான். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பத்து நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவனுக்கு மட்டுமல்ல, ஊருக்கே ஆகாது. அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது.

ஏழாம் நாள் காலையில் கோயில் வாசலில் வேன் வந்து நின்றது. ஆர்மோனியப் பெட்டி ஏறுகிறது, திரைச்சீலை ஏறுகிறது. கண்ணாயிரம் ஓடி வந்தான்.

"எங்க வாத்தியாரே கெளம்பிட்டீங்க?"

தட்சிணாமூர்த்திக்கு முகம் மாறிவிட்டது. "செதம்பரத்துக்குத்தான். சாயந்தரம் நாடகம். நான் காப்புக் கட்டப்போறேன், நீயே ராசாவா நில்லுன்னு சொல்லிட்டியாமே? கதிர்வேலு சொன்னானே."

"தேதி எப்ப வந்துச்சு?"

"காப்புக் கட்டறதுக்கு நாலு நாள் முந்தியே வந்துடுச்சே. கதிர்வேலுக்குத்தான் போன் பண்ணாங்க."

வேனுக்குள் கதிர்வேல் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு செருப்புக்கு எத்தனை நேரம் வார் மாட்டுவான் ஒரு மனுஷன்? வாத்தியார் கையைப் பிசைந்தார். "அங்க டிக்கெட்டெல்லாம் குடுத்துட்டாங்கப்பா. நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றார். வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தான். பரண்மேல் வைத்திருந்த ராசா வேஷத்துக் கிரீடப் பெட்டியைக் காணோம்.

"பொட்டி எங்க சின்னம்மா?"

அவள் அடுப்பை ஊதினாள். எரிகிற அடுப்பைத்தான் ஊதினாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"ஒரு வாட்டி ராசாவா நிக்கணும்னு அழுதான். எப்பப் பாத்தாலும் தோத்தவன் வேஷமேவான்னு. தம்பியாச்சே, நான் என்ன பண்றது?"

"அவன் ஏமாத்துனான், சரி. நீ 'கட்டிக்கிங்களேன்'னியே."

அவள் மறுபடியும் அடுப்பை ஊதினாள்.

"அறுத்துப் போட்டுட்டுப் பஸ் ஏறுடா, அம்மன் கோச்சிக்காது" என்று கூட்டாளிகள் சொன்னார்கள். "அவங்க பொய்யி சொன்னாங்க. அம்மன் சொல்லலியே" என்றான். எல்லைக்கல் வரைக்கும் நடந்துபோய், பொழுது சாயும் மட்டும் அந்தப் பக்கத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு அடி தாண்டவில்லை. அந்தப் பிடிவாதத்துக்குப் பைத்தியம் என்று பேர் வைத்தார்கள். வைக்கட்டும்.

பத்தாம் நாள் காலையில் காப்பு அவிழ்த்தார்கள். கதிர்வேல் தோளில் சிதம்பரத்துச் சால்வையோடு வந்தான். "மாமா, மனசுல வச்சிக்காதீங்க. இன்னிக்கி நீங்கதான் ராசா. நான் பழையபடி சோழன்" என்று பல்லைக் காட்டினான். கண்ணாயிரம் தலையை ஆட்டினான். அது சரி என்று ஆட்டினதா வேண்டாம் என்று ஆட்டினதா என்று கதிர்வேல் நின்று கேட்கவில்லை.

மத்தியானம் கண்ணாயிரம் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கடலூரில் பஸ் மாறி, சிதம்பரம் போய் இறங்கினான். தெற்குக் கோபுரத்துக்கு எதிரே போய் நின்றபோது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? மேளம் கட்டிட்டாங்க. ஊரே ஒக்காந்திருக்கு" என்றாள் சின்னம்மாள்.

"செதம்பரத்துல."

"அங்க என்ன?"

"நாடகம்."

"அது முடிஞ்சி மூணு நாளாச்சே!"

"ஆமா. எனக்கு இன்னிக்கித்தான் உத்தரவு."

"வந்துடுங்க. என் தம்பி மானம் போவுது."

அவன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு, "கிரீடம் அவங்கிட்டதான இருக்கு? ஆடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தான்.