கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை

எழுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஓர் அறையில் இருந்தோம். என் கணவர் வேலை செய்த தொழிற்சாலையில் செப்புக் கம்பி களவு போய், பழி இவர் மேல் விழுந்தது.

விசாரணை நாளில் நீதிபதி வருவதற்கு முன்பே ஒருவன் கமராவோடு உள்ளே வந்தான். பாஸ்போர்ட்டுக்கு எடுப்பதுபோல நீதிமன்றமும் படம் எடுத்து வைக்கும் என்று நினைத்துக்கொண்டோம். பின்வரிசை வாங்கில் இருந்தபடி நான்தான் குரல் கொடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, கொலரைச் சரியாக்குங்கோ! நிமிந்து நில்லுங்கோ!"

"சிரிக்கவோ?"

"வேண்டாம். கலியாணப் படத்திலையே நீங்கள் சிரிக்கேல்லை."

மனிதர் ஸ்டூடியோவில் நிற்பதுபோல விறைத்து நின்றார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. நீதிபதி வந்து உட்கார்ந்ததும் கமராக்காரனை வெளியே அனுப்பிவிட்டார்கள். விசாரணையைப் படம் பிடிக்கக் கூடாதாம், அதுதான் சட்டமாம்.

மறுநாள் பேப்பரில் படம். ஆளை அடையாளம் தெரியக் கூடாதென்று கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. எங்கள் தெருவிலேயே கறுத்த மனிதர் இவர் ஒருவர்தான்! கொலரைச் சரியாக்கச் சொன்ன என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல இருந்தது. மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள் வீட்டுக்காரி.

அடுத்த கிழமை நீதிபதி, இவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அன்று ஒரு கமராவும் வரவில்லை. பேப்பரிலும் ஒரு வரி இல்லை.

தெரிந்த அரைகுறை ஜெர்மனோடு பேப்பர் கந்தோருக்குப் போனேன்.

"இப்ப வந்து ஒரு படம் எடுங்கோ. மனிசன் வீட்டிலைதான் நிக்கிறார்."

"விடுதலையானதில் செய்தி இல்லை. அவருடைய கண்ணைத்தான் மறைத்தோமே" என்றான் மேசைக்காரன்.

"கண்ணை விட்டுப்போட்டு மிச்சத்தை மறைச்சிருந்தால் ஒருத்தருக்கும் ஆளைத் தெரிஞ்சிராது!"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்ப்பின் நகலை வீட்டுக்காரியிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடாமல் திருப்பித் தந்தாள். "தெரு முழுக்கப் படத்தைப் பார்த்துவிட்டது" என்றாள்.

"விடப்பா, வேறை அறை பாப்பம்" என்றார் இவர்.

"ஓம், நீங்கள் வடிவாப் படத்துக்கு நிண்டிட்டு வாங்கோ, நான் அறை தேடுறன்."

அறையை விட்டு வெளிக்கிட்ட அன்று காலை கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். அந்த நகலை அவளுடைய வாசல் கதவில் மூலை, நடு என்று ஓரிடம் விடாமல் பசை பூசி ஒட்டினேன். நல்ல இறுக்கமான பசை. சுரண்டி எடுக்க அரை நாளாவது ஆகியிருக்கும். அதற்குள் நாலு வரியாவது வாசித்திருக்க மாட்டாளா?